வெற்று எடை

புளியரை எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
செக்போஸ்ட் தாண்டி நூறடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
இரண்டு லாரிக்கு நடுவே
டேப்லெட்டில் பாட்டுச் செய்வேன்.

இன்றைக்கு,
ஆரியங்காவில் ஒரு பலாச் சிப்ஸ் கடைக்கு
முப்பது நொடி விளம்பரம்.
காலை ஏழுக்குள் வேண்டுமாம்.
ஆயிரத்து ஐந்நூறு. பாதி லிஜிமோளுக்கு.

லிஜிமோள் தென்மலையில் லேப் டெக்னீஷியன்.
பாடுவது காருக்குள்.
நான்கு கண்ணாடியும் ஏற்றி, ஏசியை அணைத்து
வியர்த்துக்கொண்டே பாடுவாள்.
நேரில் பார்த்ததில்லை.
கூட்டத்தில் அவள் தும்மினால் போதும்,
இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

பத்தரைக்கு முதல் கோப்பு வந்தது.
வாட்ஸப்பில் தொட்டால் பாடுகிறது.
பாட்டு ஆப்பில் உள்ளே எடுக்கப் போனால்
வரிசையில் சாம்பல் நிறத்தில் நிற்கிறது.
பெயர் தெரிகிறது, தொட்டால் அசையவில்லை.
பெர்மிட் இல்லாத வண்டியை
ஓரங்கட்டி வைத்ததுபோல.

வாய்ஸ் மெசேஜாக வேண்டாம்,
டாக்குமெண்டாக அனுப்பு என்றேன்.
'அதெந்தா வித்தியாசம்?'
வாய்ஸ் மெசேஜை வழியிலேயே பிழிந்துவிடுகிறான்.
'ஆரு?'
யார் என்று எனக்கும் தெரியாது.

ரப்பர் தடி ஏற்றிய லாரி ஒன்று.
பதினாறு டன் நானூற்றிருபது.
வெளியே சாரல் விழுவதும் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை.

இரண்டாவது கோப்பு
மறுப்பேதும் இல்லாமல் உள்ளே வந்தது.
ஊதாப் பட்டையில் மேடும் பள்ளமுமாகப் படுத்துக்கொண்டது.
ஓடவிட்டேன்.

லிஜிமோள் இல்லை அது.
முக்கால் கட்டை இறங்கி
அவள் அண்ணன் பாடுவதுபோல ஒரு குரல்.
நாற்பத்தெட்டாயிரத்தில் பதிந்ததை
நாற்பத்து நாலாயிரத்து நூறில் ஓட்டுகிறது என் ஆப்.
'பொரிச்சு வச்சோம், வாங்க' என்ற வரி
துஷ்டி வீட்டு வாசலில் நின்று
உள்ளே கூப்பிடுவதுபோல் இழுபட்டது.

பாட்டுக்கு முன்னால் நாலு நொடி.
வைப்பர் ஒருமுறை போய் வருகிறது.
எச்சில் விழுங்குகிறாள்.
கண்ணாடியை யாரோ விரலால் தட்டி
'கழிஞ்ஞில்லே?'
'இல்லா. ஒரு மினிட்.'
கேட்டது சின்னப் பிள்ளையா, பெரியவரா?
இறங்கிய சுருதியில் எல்லோருக்கும் ஒரே வயது.

எங்கள் தொழிலில்
சரக்கு ஏற்றுமுன் காலி வண்டியை நிறுத்தி
ஓர் எடை எடுப்போம்.
வெற்று எடை.
பிறகு அதைக் கழித்துவிட வேண்டும்.

கத்தரிப் படத்தில் விரல் வைத்தேன்.
எடுத்தேன்.
மறுபடி ஓடவிட்டேன்.

ரப்பர் தடிக்காரர் சீட்டுக்காகக் கூண்டுக்குள் தலையை விட்டார்.
'யாரு தம்பி, ஒடம்பு சரியில்லாத பிள்ளையா?'
செட்டிங்ஸ் சரியில்லைண்ணே.
'அப்படியே விட்டுரும்வே.
இந்தப் பிள்ளை கூப்பிட்டா
நான் பிரேக் போட்டு எறங்குவேன்.'

எண்ணை மாற்றினேன்.
பல் துலக்கி வந்தவள் மாதிரி
லிஜிமோள் தன் உயரத்துக்குத் திரும்பினாள்.
நாலு நொடியை வெட்டி
வேறொரு டிராக்கில் வைத்து மியூட் செய்தேன்.
முந்நூற்று எழுபத்தைந்து கேபி.
அழிக்கலாம். டேப்லெட்டில் இடம் வேறு இல்லை.
தட்டியது யார் என்று கேட்டு
இரண்டு முறை டைப் செய்து
இரண்டு முறை அழித்தேன்.

ஆறு ஐம்பதுக்குச் சிப்ஸ் கடைக்கு அனுப்பினேன்.
ஏழே காலுக்குப் பதில்:
கொள்ளாம். கொஞ்சம் ஸ்பீடாக்கலாமா?

ஆக்கினேன்.

ஒன்பது மணிக்கு லிஜிமோள்:
எழுநூற்றைம்பது கிட்டி.
பின்னால் ஏதோ லாரி ஹார்ன் கேட்குதே,
அது என்றெயா, நிங்ஙளுடெயா?